களப்புப் பக்கத்துச் சுவர்

கற்பிட்டி
12.1.1938

அன்புள்ள பதுர்தீன் நானாவுக்கு,

ஸலாம். நீங்கள் அனுப்பிய கல்லூரிச் சஞ்சிகை கிடைத்தது. ‘கற்பிட்டிக் களப்பில் ஒரு மாலை’ என்ற உங்கள் கட்டுரையை மூன்று முறை வாசித்தேன். உம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்கள் களப்பில் சூரியன் என்றைக்கு மறைந்தது, நானா? புத்தளப் பக்கம் உதிக்கிறது. மறைவது எங்கள் முதுகுக்குப் பின்னால், கண்டக்குழிக் கடலில். இந்த ஊரில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு எப்படி அப்படி எழுதினீர்கள்?

நான் பன்னிரண்டு வயதில் பெரியபிள்ளையாகி உள்ளே வந்தவள். இந்த ஐந்து வருடத்தில் வேலியைத் தாண்டவில்லை. ஆனாலும் எனக்கு அது தெரியும். பொருட்கள் போடும் பரணில் ஏறினால் ஓட்டுக்குக் கீழே ஒரு இடைவெளி இருக்கிறது. அதில் களப்பின் உப்புத் தண்ணீர் ஒரு முழ உயரத்துக்குத் தெரியும். விடிய சுபஹு தொழுத கையோடு ஏறுவேன், உம்மா அடுப்பு மூட்டும்வரை பார்ப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சீதனமாகக் கொடுக்கும் வீட்டுக்கு வாப்பா அத்திவாரம் போட்டுவிட்டார். பின் வளவில், களப்புக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில். கட்டி முடிந்தால் பரணிலிருந்து ஒன்றும் தெரியாது. புது வீட்டிலாவது தெரியும் என்று நினைத்தேன். களப்புப் பக்கம் யன்னலே இல்லையாம். முழுச் சுவராம். புரட்டாதிக்குள் கல்யாணம் என்று பேச்சு. மாப்பிள்ளை புத்தளத்து ஹாசிம், உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதும் லிகிதர்.

கல்யாணத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு யன்னல்தான் கேட்கிறேன். நீங்கள் எழுதினால் வாப்பா கேட்பார். உங்கள் கடிதத்தைக் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறவர் அவர்.

உங்கள் தங்கை
ஸக்கியா

---

கொழும்பு
23.1.1938

அன்புத் தங்கச்சி ஸக்கியாவுக்கு,

சூரியன் விஷயத்தில் நீ சொல்வது சரி. ஆனால் வாசிக்கிறவர்கள் கொழும்பார். அவர்களுக்கு மாலைதான் பிடிக்கும். உதித்தால் என்ன, மறைந்தால் என்ன, அழகாக இருந்ததா இல்லையா?

ஒரு சந்தோஷச் செய்தி. போன வாரம் விவாத மேடையில் எனக்குப் பரிசு. ‘இயற்கையின் அழகு பார்ப்பவர் மனத்தில் மட்டுமே உண்டு’ என்பதுதான் தலைப்பு. எங்கள் சித்திர வாத்தியார்தான் நடுவர். நான் சொன்ன உதாரணம் நம் வீட்டு உதாரணம்: என் தங்கைக்குப் புளி மாங்காய் பிடிக்கும், எனக்குப் பல் கூசும். இதில் யார் சரி, யார் பிழை? ஒருவரும் பிழையில்லை. ருசியில் பிழை என்று ஒன்று இல்லை. அழகும் அப்படித்தான். மலையிலும் இல்லை, கடலிலும் இல்லை. பார்க்கிறவன் கொண்டுபோய் வைக்கிறான். சபை முழுக்கக் கைதட்டியது.

யன்னல் விஷயம் வாப்பாவுக்கு இன்றே எழுதுகிறேன். கவலைப்படாதே.

நானா
பதுர்தீன்

---

கற்பிட்டி
9.2.1938

நானாவுக்கு,

நீங்கள் வாப்பாவுக்கு எழுதியதை நான் அறிவேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்கும் உம்மாவுக்கும் உரத்து வாசித்தார். ‘யன்னல் வைப்பதும் விடுவதும் தங்கள் விருப்பம். அழகு என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். ஸக்கியாவுக்கு அது பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.’

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“கேட்டியா மகள்? படிச்சவன் செல்றான். அங்க ஒண்டும் இல்லயாம். எல்லாம் ஒன்ட மனசுக்குள்ளதான் இரிக்காம். மனசுக்குள்ள இரிக்கிறதப் பாக்க யன்னல் என்னத்துக்கு?”

உம்மா சிரித்துவிட்டார். நானும் சிரிக்க வேண்டும் என்று வாப்பா காத்துக்கொண்டிருந்தார். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டேன்.

உங்களுக்குப் பயமாக இருந்தால் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதுகிறேன் என்று சொல்லி, வாப்பா கையில் கல் எடுத்துக் கொடுத்தீர்கள். எனக்குப் பிடித்தது என்றால் அது வெறும் என் ஆசை. ஒரு குமரின் ஆசைக்காக யார் சுவரை உடைப்பார்கள்? அது அங்கே உண்மையாகவே இருந்தால்தானே நான் கேட்பதில் நியாயம் இருக்கும். அந்த நியாயத்தைத்தான் நீங்கள் எடுத்துப்போட்டுவிட்டீர்கள், கைதட்டு வாங்கிக்கொண்டு.

இன்னொன்று. சுவர் கட்டுகிற பஸ்தியான் பாஸ் கண்டக்குழி ஆள். நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வாப்பாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

“முதலாளி, இந்தப் பக்கத்தையா அடைக்கச் சொல்றீங்க? வளவிலேயே வடிவான பக்கம் இதுதானே.”

“நீ கல்ல வையி பாஸ்,” என்றார் வாப்பா.

பஸ்தியான் பாஸை நான் கண்டதில்லை. அவரும் என்னைக் கண்டதில்லை. என் மனத்துக்குள் மட்டும் இருப்பது அவர் வாயில் எப்படி வந்தது என்று உங்கள் சித்திர வாத்தியாரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஸக்கியா

---

கொழும்பு
6.3.1938

ஸக்கியா,

ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது. ஒரு கொப்பியும் இரண்டு பென்சிலும் அனுப்பியிருக்கிறேன்.

நீ பஸ்தியானைப் பற்றி எழுதியது கெட்டித்தனமான கேள்விதான். ஆனால் ஒரே கரையில் வளர்ந்த இரண்டு பேருக்கு ஒரே ருசி வருவதில் அதிசயம் இல்லை. கண்டியில் பிறந்த ஒருவனை நம் களப்புக்குக் கூட்டிவந்தால் சேறும் உப்புத் தண்ணீரும் என்று மூக்கைப் பொத்துவான். அவனுக்கு நீ என்ன சொல்வாய்? நீ பார்த்தது பிழை என்பாயா? சொல்ல முடியாது. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

உம்மாவுக்கு ஸலாம். பரீட்சை வகுப்பு இருப்பதால் சித்திரை விடுமுறைக்கு வரமாட்டேன்.

பதுர்தீன்

---

கற்பிட்டி
17.4.1938

அன்புள்ள நானாவுக்கு,

உங்களுக்கு இனி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் இங்கே ஒன்று நடந்தது. அதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் நீங்கள் என்னைத் தோற்கடிக்கவும் அது உதவும். இருந்தாலும் சொல்லுகிறேன்.

சுவர் நெஞ்சளவுக்கு வந்துவிட்டது. பரணிலிருந்து இப்போது ஒரு சாண்தான் தெரிகிறது. ஒரு கிழமையாகக் காற்றே இல்லை. ஓடு கொதிக்கிறது. புதன்கிழமை விடிய ஏறிப் பார்த்தேன். நானா, அப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை. கரையோரம் முழுக்க வெள்ளி. சும்மா மினுக்கம் இல்லை, வெள்ளித் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் பரப்பியது மாதிரி. சூரியன் எழும்ப எழும்ப அது சிவந்து, பிறகு வெளுத்து, மெல்ல மெல்ல ஆடியது. கத்தி உம்மாவைக் கூப்பிட்டேன். உம்மா ஏணியில் பாதி ஏறி எட்டிப் பார்த்தார். “மாஷா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

உங்கள் கொப்பியில் இரண்டு பக்கம் எழுதினேன். இதற்குப் பிறகு நானா என்ன சொல்வார் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

எட்டு மணிக்கு மீன் விற்கும் மக்தலேனா அக்கா வந்தார். தலையில் கூடை இல்லை.

“இண்டைக்கு மீன் இல்லை பிள்ளை. எல்லாம் செத்து மிதக்குது. ஓரா, திரளி, குஞ்சும் குருமானும் ஒண்டும் மிச்சமில்லை. காத்தும் இல்லை, தண்ணி கொதிச்சுப் போச்சு. கரை முழுக்க வெள்ளை வெளேரெண்டு கிடக்குது. என்ர மனுசன் வலையைச் சுருட்டி வச்சிட்டுப் பேசாம இருக்கிறார்.”

நான் மறுபடி பரணில் ஏறினேன். அதே வெள்ளி. நிறம் மாறவில்லை, ஆட்டம் மாறவில்லை. ஆனால் என்னால் காலையில் பார்த்த மாதிரிப் பார்க்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் நாற்றம் வந்துவிட்டது. எழுதிய இரண்டு பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டேன். மக்தலேனா அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மூன்று நாளாக இதையே யோசிக்கிறேன். அன்று காலையில் நான் சொன்னது பிழை. என் ருசி மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பிழை. நான் என்ன பார்க்கிறேன் என்று தெரியாமல் பார்த்தேன். நேற்று புளி மாங்காய் பிடித்தது, இன்றைக்குப் பிடிக்கவில்லை என்றால் நேற்று பிழை விட்டேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் வெட்கப்பட்டேனே, நானா. பிழை விட்டவர்தான் வெட்கப்படுவார்.

நீங்கள் சொன்னீர்கள், இதில் பிழை என்று ஒன்று இல்லையென்று. எனக்கு இருந்தது. பிழையாகப் பார்க்க முடியும் என்றால், சரியாகப் பார்க்கவும் முடியத்தானே வேண்டும்? உங்கள் கண்டிக்காரர் மூக்கைப் பொத்தட்டும். சேறு ஏன் அங்கே இருக்கிறது, அதில் என்ன வாழ்கிறது, எந்தக் காற்றில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டுப் பிறகு சொல்லட்டும்.

வாப்பா என் கடிதங்களைப் பிரிப்பதில்லை. அதில் அவர் நேர்மையானவர். இதை மக்தலேனா அக்கா தபாற்கந்தோரில் போடுவார்.

ஸக்கியா

---

கொழும்பு
1.5.1938

அன்புத் தங்கச்சி,

உன் கடிதத்தைச் சித்திர வாத்தியாரிடம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு வேண்டிய ஒருவர் எழுதியது என்றேன். அவர் அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “அன்றைக்கு அந்தப் பரிசை உனக்கு நான் கொடுத்திருக்கக் கூடாது” என்றார். அந்த ஆள் எங்கே படிக்கிறார் என்று கேட்டார். வீட்டில் என்று சொன்னேன்.

வாப்பாவுக்கு நேற்றே எழுதிவிட்டேன். முன்பு எழுதியது என் பிழை, ஸக்கியா கேட்பது நியாயம், தயவுசெய்து யன்னல் வையுங்கள் என்று. இந்த முறை ஒன்றையும் மழுப்பவில்லை.

பதுர்தீன்

---

கொழும்பு
24.5.1938

ஸக்கியா,

இதை வாசித்ததும் கிழித்துவிடு.

வாப்பா பதில் போட்டிருக்கிறார். ஐந்து வரி. ‘ஒரு மாதம் ஒரு கதை, அடுத்த மாதம் வேறு கதை. இதைத்தான் அங்கே படிப்பிக்கிறார்கள் என்றால் படித்தது போதும். தவணை முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வா. கடையில் ஆள் வேண்டும்.’

பரீட்சைக்கு ஏழு மாதம்தான் இருக்கிறது. நான் கடைக்கு வந்தால் கருவாட்டு மூடைக்கு நடுவில் என் காலம் முடிந்துவிடும். உனக்குத் தெரியும். அந்தக் கடையில் நான் மூச்சுவிட்டதே இல்லை.

எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. நீ வாப்பாவிடம் ஒரு சொல் சொன்னால் போதும். யன்னல் வேண்டாம், அது ஒரு ஆசை, போய்விட்டது என்று. அவர் கோபம் அதோடு தணிந்துவிடும். சுவர் எப்படியும் எழும்பத்தான் போகிறது. எப்படியும் கிடைக்காத ஒன்றை வேண்டாம் என்று சொல்வதில் உனக்கு என்ன குறையப்போகிறது?

எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். அனுப்பாமல் விடலாம் என்றும் நினைத்தேன். அனுப்புகிறேன்.

பதுர்தீன்

---

கற்பிட்டி
8.6.1938

அன்புள்ள நானாவுக்கு,

நீங்கள் வரவேண்டியதில்லை. படியுங்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேட்ட சொல்லைச் சொல்ல முயன்றேன். இரண்டு நாள் வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் வாப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கையில் வேறொன்று வந்துவிட்டது.

“வாப்பா, நீங்க ஒரு தடவ பரண்ல ஏறிப் பாருங்க. ஒரு கோப்பத் தேத்தண்ணி குடிக்கிற நேரம். அங்க ஒண்டும் இல்லண்டு நீங்க செல்லிட்டா நான் இனி யன்னல் கதைய எடுக்கமாட்டன். நானாவயும் படிக்க விடுங்க.”

“என்ன புள்ள இது, வாப்பாவோட பந்தயமா?” என்று உம்மா என் கையைப் பிடித்தார்.

வாப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். அந்தக் கிழமை முழுக்க என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்தவர் நேரே ஏணியடிக்குப் போனார். உம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டார். வாப்பாவின் பாரத்துக்கு அது முனகியது. நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கீழே வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது பரணிலிருந்து நாலு விரல் அகலத்துக்குத்தான் தெரிகிறது. தென்மேல் காற்று தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்துக் கரையில் அசைவே இருக்காது, அப்பால் நடுவில் மட்டும் கறுத்துச் சிலிர்க்கும். அந்தக் கறுப்பு மெல்ல மெல்லப் புத்தளப் பக்கம் போகும்.

தேத்தண்ணீர் ஆறிவிட்டது. சூடாக்கினேன். அதுவும் ஆறியது. வாப்பா இறங்கவில்லை. “கால் வலிக்கப் போகுது, இறங்குங்க” என்று உம்மா இரண்டு தரம் சொன்னார். மேலே சத்தமே இல்லை.

இறங்கியபோது தொப்பியில் ஒட்டடை. என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணீரைக் குடிக்காமல் கடைக்குப் போய்விட்டார்.

ஜும்ஆ முடிந்து வந்து, சாப்பிட்டு, வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்.

“வடிவுதான் மகள்.”

உம்மாதான் கேட்டார்: “அப்ப யன்னல்?”

“வடிவில்லாட்டி வெச்சுக் குடுத்திரிப்பன். ஒண்டுமில்லாத பக்கத்துக்கு யன்னல் இரிந்தா ரெண்டு நாள் பாப்பா, விட்டுடுவா. இது அப்பிடி இல்ல. இந்த வயசில எனக்கே இறங்க மனமில்ல. இவ பாக்கத் தொடங்கினா அந்த யன்னல்லயேதான் நிப்பா. கீழால தோணி போற பாத. நிக்கிறவள ஊரே பாக்கும். ஹாசிம்ட ஆக்கள் என்ன நினப்பாங்க?”

பிறகு என்னிடம் சொன்னார்: “நானாவப் படிக்கச் செல்லு. ஒண்டுமில்லண்டு எழுதினது அவன்ட பிழதான்.”

நான் பொய் சொல்லவில்லை என்று வாப்பா ஒத்துக்கொண்டுவிட்டார், நானா. அவருக்கும் தெரிகிறது, பஸ்தியான் பாஸுக்கும் தெரிகிறது, உங்கள் வாத்தியாருக்குக்கூடத் தெரிகிறது. வாப்பா அதை ஒத்துக்கொள்வதுதான் கடினம், ஒத்துக்கொண்டால் யன்னல் தானாக வந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அந்த இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நேற்று பஸ்தியான் பாஸ் கடைசி வரியை வைத்தார். பரணில் இப்போது கல் தெரிகிறது.

ஸக்கியா

---

கொழும்பு
18.9.1938

அன்புத் தங்கச்சி,

கல்யாணத்தில் உன்னோடு தனியாக இரண்டு வார்த்தை பேசக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சாப்பாடு முடிந்ததும் கை கழுவும் சாட்டில் புது வீட்டின் பின்பக்கம் போனேன். களப்பு முழுக்கக் கண்முன்னே கிடந்தது. எனக்குப் பின்னால் உன் சுவர், ஈரம் காயாத சுண்ணாம்பு வாசத்தோடு. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஐந்து நிமிஷத்தில் பந்தலுக்குத் திரும்பிவிட்டேன்.

என் பரீட்சை உன் யன்னலின் விலை என்று எனக்குத் தெரியும். நீ அப்படிச் சொல்லமாட்டாய். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஹாசிம் மச்சான் அமைதியான மனிதராகத் தெரிந்தார். அவரிடம் நான் பேசட்டுமா? வீடு எப்படி இருக்கிறது? எழுது. என்ன எழுதினாலும் வாசிப்பேன்.

பதுர்தீன்

---

கற்பிட்டி
14.10.1938

அன்புள்ள நானாவுக்கு,

ஸலாம். நோன்பு வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. வீடு கழுவுகிற வேலையில் கடிதம் பிந்திவிட்டது.

உங்கள் மச்சான் நல்லவர். யன்னலைப் பற்றி நானே கேட்டேன். “மாமாட வீடு, மாமா இரிக்கும்வரைக்கும் நாம கை வைக்கிறது மரியாதையில்ல. பிறகு பாப்பம்” என்றார். நீங்கள் பேச வேண்டாம். ஒரே பதிலை இரண்டு தரம் கேட்க எனக்கு விருப்பமில்லை.

வீடு குளிர்ச்சி. சுவர் நல்ல வெள்ளை. முற்றத்துப் பக்கம் இரண்டு யன்னல் இருக்கிறது, அதில் உம்மாவின் குசினியும் கோழிக்கூடும் தெரியும். முதல் கிழமை களப்புப் பக்கத்துச் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். கல்லின் குளிர்தான் இருந்தது. மேலே காற்றுக்கு விட்டிருக்கும் இரண்டு ஓட்டையால்தான் சத்தம் வருகிறது.

ஒரு விடியலில், அவர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தபோது, அந்த ஓட்டையால் இருமல் சத்தம் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம். யாரோ ஆள் என்று பயந்து உம்மாவிடம் ஓடினேன். உம்மா தலையைத் திருப்பிக்கொண்டார்.

“வாப்பாதான். சுபஹுக்குப் பொறகு ஒரு கதிரையத் தூக்கிட்டுப் போய் அங்க இரிக்காரு. நோன்புப் பெருநாளைக்குச் சாமான் வந்திரிக்கு, கடையத் தொறக்கணுமுண்டு நானும் செல்றன். கேக்கிறாரில்ல.”

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். அந்த வெள்ளிக்கிழமை பரணிலிருந்து இறங்கினாரே, அடுத்த நாளிலிருந்தாம்.

எனக்கு வந்த எரிச்சலை எழுத்தில் வைக்க முடியாது, நானா. எனக்கு மூடிய இடத்தில் அவர் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஐந்து வருடம் நான் பார்த்துக் கண்டுபிடித்தது. அந்தக் கிழமை முழுக்க, அந்த நேரத்தில் வேண்டுமென்றே பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சு வந்தது. “மகள், இண்டைக்குத் தண்ணி வத்திரிக்கு. கொக்கு மட்டும் நிக்கிது.” அடுத்த நாளும் ஏதோ சொன்னார். ஒரு தோணி, அதன் பாய் கிழிந்திருப்பதாக. சொல்லத் தெரியாமல் சொல்கிறார். நிறம் என்றால் ‘நல்ல நிறம்’ என்பதோடு சரி. பத்து நாள் நான் வாய் திறக்கவில்லை.

இன்று காலை காற்று நின்றது. வெளிச்சம் மங்கியது. வாப்பா எழும்பிய சத்தம் கேட்டது, கதிரை பின்னால் விழுந்தது.

“மகள்! மழ வருது. புத்தளப் பக்கத்தால. அங்க வெள்ளயா இரிக்கு, இங்கால கறுப்பு. நடுவால ஒரு கோடு. அந்தக் கோடு நடந்து வருது மகள், இங்க வருது…”

நான் குசினிக் கத்தியைக் கீழே வைத்தேன். சுவருக்குக் கிட்டப் போனேன்.

“கோட்டுக்கு அங்கால தண்ணி எப்பிடி இரிக்கு, வாப்பா?”

காலடிச் சத்தம் சுவர்ப் பக்கம் திரும்பியது. நான் பேசுவேன் என்று அவர் நினைக்கவில்லை போலிருக்கிறது.

“கொதிக்கிற மாதிரி இரிக்கு,” என்றார். “இல்ல. கொதிக்கிற மாதிரி இல்ல. எனக்குச் செல்லத் தெரியல்ல.”

மழை முதலில் அவர்மேல் விழுந்தது. பிறகுதான் என் ஓட்டில் விழுந்தது. பெரிய மழை. உம்மா முற்றத்தில் நின்று கத்தினார். நானும் ஓட்டைக்கு நேரே முகத்தை நிமிர்த்திக் கூப்பிட்டேன்.

“வாப்பா, நனையாதீங்க. உள்ள வாங்க.”

மழைச் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வந்தது.

“கொஞ்சம் பொறு மகள். இன்னும் பாத்து முடியல்ல.”

உங்கள் தங்கை
ஸக்கியா